தீபாவளிக்கு வந்த பரிசைக் கடையில் மாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வரும் பரிசுகளில் சில அளவு சேராது. சில ஏற்கெனவே வீட்டில் இருக்கும். சில பெட்டியைத் திறந்ததுமே பழுதாக இருக்கும். அவற்றைக் கடையில் மாற்றப் போகிறவர்களுக்கான பக்கம் இது. தமிழ்நாட்டுக் கடைகளின் நடைமுறையையும் இந்தியச் சட்டத்தையும் வைத்து எழுதியிருக்கிறோம். ஒரு பரிசு மாறுமா மாறாதா என்பது பெரும்பாலும் கொடுப்பவர் பில்லையும் டேக்கையும் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. அதனால் பரிசு வாங்கிக் கொடுப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

பிடிக்கவில்லை என்று பரிசைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க எனக்கு உரிமை உண்டா?

கடையில் நேரில் வாங்கிய பொருளுக்கு அப்படி ஓர் உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை. நிறம் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை, வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்பதற்கெல்லாம் மாற்றித் தருவது கடைக்காரர் தன் விருப்பத்தில் செய்யும் வசதி. அதன் நிபந்தனைகள் பில்லின் அடியிலோ பின்பக்கத்திலோ பொடி எழுத்தில் இருக்கும். ஜவுளிக்கடைகளில் 7 நாள், 10 நாள், 15 நாள் என்று கடைக்குக் கடை மாறும். பெரும்பாலும் மாற்றிக்கொள்ள மட்டும்தான் விடுவார்கள், பணமாகத் தர மாட்டார்கள்.

பொருளில் குறை இருந்தால் கதையே வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன் 8-ஆவது உட்பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் ஒரு கெடு குறிப்பிட்டிருந்தால் அந்தக் கெடு, குறிப்பிடாவிட்டால் 30 நாள்.

கடைக்குக் கிளம்புமுன் உங்களுடையது இந்த இரண்டில் எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பிடிக்காத சட்டையை எடுத்துப்போய்ச் சட்டம் பேசினால் கிடைக்கவிருந்த மாற்றமும் கிடைக்காது. தையல் பிரிந்த சட்டையை எடுத்துப்போய்க் கெஞ்சிக்கொண்டு நிற்கவும் தேவையில்லை.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்களே?

பிடிக்கவில்லை என்ற காரணத்துக்கு அந்த வரி செல்லும். குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. சட்டத்தில் குறை என்பதற்குப் பொருள் விரிவானது: தரத்திலோ அளவிலோ சுத்தத்திலோ, விற்றவர் சொன்ன உறுதிமொழியிலோ எந்தக் குறைபாடு இருந்தாலும் அது குறைதான். முதல் சலவையில் சாயம் இறங்கிப் பக்கத்துத் துணியில் ஏறினால் குறை. சுத்தப் பருத்தி என்று எழுதி பாலியெஸ்டர் கலந்திருந்தால் அதுவும் குறை.

பில்லில் 7 நாள் கெடு போட்டு அது தாண்டிவிட்டாலும் வழி முற்றிலும் அடைபடவில்லை. குறையுள்ள பொருளை விற்றதற்காகவே நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். அதற்குக் காலக்கெடு, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு.

பில் என் பெயரில் இல்லை. பணம் கொடுத்தது நானும் இல்லை. நான் போய்க் கேட்கலாமா?

கேட்கலாம். காசு கொடுத்து வாங்கியவரின் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் பிரிவு 2(7) சொல்கிறது. சித்தப்பா வாங்கிக் கொடுத்த மிக்ஸி பழுதானால் உங்கள் பெயரிலேயே புகார் கொடுக்கலாம். சித்தப்பா வர வேண்டியதில்லை. ஆனால் அவர் வாங்கியதற்கான சான்று கையில் இருக்க வேண்டும்.

பில்லே இல்லை. கொடுத்தவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

டேக்கில் பார்கோடு ஒட்டியபடி இருந்தால், எந்தக் கடைப் பொருள் என்பது தெரிந்துவிடும். பார்கோடை ஸ்கேன் செய்தால் பொருள் தங்களுடையதா, என்ன விலை என்பதைக் கடைக்காரர் பார்த்துவிடுவார். ஆனால் என்றைக்கு விற்றது, எவ்வளவு தள்ளுபடி போனது என்பதற்குப் பில் வேண்டும். பெரிய கடைகளில் பில் போடும்போது வாங்கியவரின் செல்போன் எண்ணைப் பதிவதால், அந்த எண்ணைச் சொன்னால் பழைய பில்லை எடுத்துவிடலாம். சில கவுண்டர்களில் அந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்புவார்கள். அப்போது கொடுத்தவருக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

எங்கள் கருத்து: கேட்டுவிடுவதே நல்லது. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "பில் இருக்கா?" என்று ஆரம்பித்தால் விலையைப் பார்க்கத்தான் கேட்கிறோம் என்று தோன்றும். பொருளைச் சொல்லிவிட்டு அளவுக்கு வாருங்கள். "அத்தை, சட்டை கலர் ரொம்ப நல்லா இருக்கு. தோள்ல மட்டும் கொஞ்சம் இறுக்குது. எந்தக் கடைல எடுத்தீங்க? பில்லை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினீங்கன்னா அடுத்த சைஸ் மாத்திக்கிறேன்." வாங்கிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இதற்காக வருத்தப்படுவதில்லை. ஆறு மாதம் கழித்து அந்தச் சட்டை பீரோவில் பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்தால்தான் மனம் நோகும்.

பரிசு கொடுக்கும்போது விலை தெரியாமல் பில்லைச் சேர்த்துக் கொடுப்பது எப்படி?

விலையை மறைக்கிறோம் என்று டேக்கையே கிழித்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. டேக் போனால் பார்கோடு போகும், பார்கோடு போனால் கவுண்டரில் பேச்சு அங்கேயே நின்றுவிடும். விலை எழுதிய இடத்தில் மட்டும் சிறிய ஸ்டிக்கரை ஒட்டுங்கள். பார்கோடும் சைஸும் வெளியே தெரிய வேண்டும்.

பில்லுக்கு: விலை இல்லாமல், பில் எண்ணும் பொருளின் பெயரும் மட்டும் அச்சாகும் சீட்டு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பிராண்டு ஷோரூம்கள் சிலவற்றில் தருவார்கள். கிடைக்காத இடத்தில் பில்லைச் செராக்ஸ் எடுத்து, தொகை இருக்கும் பத்தியை மறைத்து, பில் எண், தேதி, கடைப் பெயர் தெரியும்படி பெட்டிக்குள் வைத்துவிடலாம். மூலப் பில் உங்களிடமே இருக்கட்டும்.

அந்த மூலப் பில் தெர்மல் தாளில் வந்திருந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் மை கிடையாது. சூட்டில் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. பிளாஸ்டிக் உறையில் வைத்தாலோ எண்ணெய்க் கை பட்டாலோ வெயிலில் கிடந்தாலோ எழுத்து மங்கிவிடும். வாரண்டி உள்ள பொருளுக்குச் செராக்ஸும் ஒன்று எடுத்து வைக்க வேண்டும்.

நாள் கணக்கு பரிசு கையில் கிடைத்த தேதியிலிருந்து தொடங்குமா?

தொடங்காது. கடையில் வாங்கியதற்குப் பில் தேதி, ஆன்லைனில் வாங்கியதற்கு டெலிவரி தேதி. பரிசுப் பொருள்கள் மாறாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

2025-ஐ எடுத்துக்கொள்வோம். ஆன்லைன் தளங்களின் பண்டிகை விற்பனை செப்டம்பர் கடைசி வாரத்தில் தொடங்கியது. தீபாவளி அக்டோபர் 20. செப்டம்பர் 27 அன்று டெலிவரி ஆன ஒரு பொருளுக்கு 10 நாள் கெடு என்றால் அது அக்டோபர் 7-இலேயே முடிந்துவிட்டது. பரிசுத்தாளைப் பிரித்தவர் பிரிக்கும்போதே கெடு தாண்டி இரண்டு வாரம். ஆடித் தள்ளுபடியில் எடுத்துத் தீபாவளிக்குக் கொடுக்கும் சேலைக்கும் இதே கதிதான்.

முன்கூட்டியே வாங்குகிறவர்கள் மாற்றும் தேதியைப் பில்லில் எழுதி வாங்கலாம். "பண்டிகை முடிந்து ஒரு வாரம் வரை மாற்றலாம்" என்று மேற்பார்வையாளர் பில்லின் மேல் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். பழகிய கடைகளில் கேட்டால் செய்கிறார்கள். வாய்ச்சொல்லை மட்டும் நம்பாதீர்கள். தீபாவளிக்கு மறுவாரம் அதே ஆள் அந்தப் பிரிவில் இருக்க மாட்டார்.

சேலை, சட்டை, சுடிதார் எந்த நிலையில் இருந்தால் மாற்றுவார்கள்?

டேக் இருக்க வேண்டும், உடுத்தியிருக்கக் கூடாது, துவைத்திருக்கக் கூடாது. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. நம் வீடுகளில் வாய்ப்பைக் கெடுப்பவை வேறு சில.

முதலாவது மஞ்சள். புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் குங்குமம் தொட்டு வைப்பது வழக்கம். அந்தப் பொட்டு வைத்த துணியைக் கடையில் எடுக்க மாட்டார்கள். ஏனென்றால் இன்னொருவருக்கு அதை விற்க முடியாது. கவுண்டரில் இருப்பவர் துணியை விரித்ததும் முதலில் பார்ப்பது நான்கு மூலைகளைத்தான். பரிசாகக் கொடுக்கிறவர்கள் அட்டைப்பெட்டியிலோ கவரிலோ மஞ்சள் வைத்துக் கொடுங்கள். உடுத்துகிறவர் போட்டுப் பார்த்து அளவு சரி என்று உறுதியான பிறகு துணியில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது எண்ணெய். தீபாவளி காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உடனே போட்டுப் பார்த்தால் காலரில் கறை ஏறும். முந்தின நாளே, பவுடரும் சென்ட்டும் இல்லாமல் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சேலையில் ஃபால்ஸ் தைத்துவிட்டால், முந்தானைக்குக் குஞ்சம் கட்டிவிட்டால், ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டால் மாற்ற முடியாது. பேன்ட் நீளம் குறைத்தாலும் அப்படித்தான். சேலையின் மடிப்பைக் கலைத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அட்டையையும் குண்டூசிகளையும் பத்திரமாக வைத்து, பழைய மடிப்புக் கோட்டிலேயே திரும்ப மடித்து எடுத்துப்போங்கள். செட்டாக வந்த உடையில் துப்பட்டா மட்டும் காணோம் என்றாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

பட்டுச்சேலை என்று கொடுத்தார்கள், பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. இதைக் குறை என்று சொல்லித் திருப்பலாமா?

பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். "பட்டு" என்றோ "சுத்தப் பட்டு" என்றோ எழுதி வேறு நூலைக் கொடுத்திருந்தால் அது குறை, பணத்தைக் கேட்கலாம். "ஆர்ட் சில்க்", "செமி சில்க்", "சாஃப்ட் சில்க்" என்று இருந்தால் நிதானிக்க வேண்டும். ஆர்ட் சில்க் என்பது செயற்கை நூல்தான். சாஃப்ட் சில்க் என்ற பெயரில் பட்டும் வருகிறது, பட்டில்லாததும் வருகிறது. மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் இயங்கும் அமைப்பு தரும் சில்க் மார்க் சீட்டு, எண்ணோடும் ஹாலோகிராமோடும் தொங்கினால் நம்பலாம்.

வீட்டில் சோதிக்க, முந்தானையின் நுனியில் தொங்கும் நூல்களில் ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினால், பட்டு மயிர் கருகும் வாடையோடு மெதுவாக எரியும். தீயை எடுத்ததும் அணையப் பார்க்கும். மிச்சமான கறுப்புத் துணுக்கு விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும், நசுங்காது. பாவும் (நீளவாட்டில் ஓடும் நூல்) ஊடும் (குறுக்கே ஓடும் நூல்) வெவ்வேறு நூலாக இருக்கலாம் என்பதால் முந்தானை நுனியில் கிடைப்பது பாவு நூலின் கதை மட்டும்தான். ஊடு நூலைச் சோதிக்கச் சேலையின் உடலில் கை வைக்காதீர்கள். இழை உருவிய இடத்தைக் காட்டி, நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று கடையில் சொல்லிவிடுவார்கள். அந்த வேலையைச் சோதனைக்கூடத்திடம் விடுங்கள். சோதனை அறிக்கையோடு போனால் வாக்குவாதமே இருக்காது.

கடைக்கு எப்போது போவது, உள்ளே போய் யாரைப் பார்ப்பது?

பண்டிகைக்கு முந்தைய வாரம் போகாதீர்கள். பல கடைகளில் அந்த நாட்களில் மாற்றும் கவுண்டரையே மூடிவிடுவார்கள், பலகையும் வைத்திருப்பார்கள். தீபாவளி முடிந்து இரண்டாம் மூன்றாம் நாள், வார நாளாகப் பார்த்து, கடை திறந்த ஒரு மணி நேரத்துக்குள் போவது நல்லது. ரொம்பத் தள்ளிப்போட்டால் உங்கள் சைஸ் தீர்ந்துவிடும். பண்டிகைச் சரக்கு மறுபடி வராது.

தி.நகர், மதுரை, கோவை போன்ற இடங்களின் பெரிய ஜவுளிக்கடைகளில் வாசலிலேயே முதல் வேலை. காவலாளியிடம் பையைக் காட்டி, மாற்றக் கொண்டுவந்த பொருள் என்று சொல்லி ஸ்டிக்கரோ டோக்கனோ வாங்கிக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு உள்ளே போனால், வெளியே வரும்போது கையில் இருக்கும் பழைய பொருளுக்கும் கணக்குச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். பிறகு பொருளை எடுத்த அதே பிரிவுக்குப் போக வேண்டும். விற்பனையாளர் முடிவு செய்ய முடியாது, அந்தத் தளத்தின் மேற்பார்வையாளர் பார்த்துப் பில்லில் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு மாற்றுப் பொருளைத் தேர்ந்தெடுத்து, புதுப் பில் போட்டு, வித்தியாசத் தொகை இருந்தால் காசாளரிடம் கட்டி, டெலிவரி கவுண்டரில் வாங்க வேண்டும். புதுப் பில்லில் பழைய பில் எண் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை மாற்றிய பொருளை இரண்டாம் முறை மாற்றித் தருவது அரிது. அதனால் உடுத்துகிறவரை நேரில் அழைத்துப்போங்கள்.

அதே பெயரில் உள்ள வேறு கிளையில் மாற்றலாமா என்பதைப் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரே நிர்வாகம் என்றால் முடியும். பிரான்சைஸி கடை என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, வாங்கிய கடைக்கே போக வேண்டும்.

எந்த விலைக்கு மாற்றித் தருவார்கள்?

உண்மையில் கட்டிய தொகைக்கு. டேக்கில் 3,000 ரூபாய், 40 சதவீதம் தள்ளுபடியில் 1,800-க்கு எடுத்தது என்றால் 1,800-க்குத்தான் பொருள் எடுக்க முடியும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்திருந்தால் இரண்டையும் சேர்த்துக் கேட்பார்கள். வாங்கியதற்கு இலவசமாகக் கொடுத்த எவர்சில்வர் டப்பாவையும் கேட்கலாம்.

வரியில் ஒரு சிக்கல் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், தைத்த ஆடை ஒன்றின் விற்பனை விலை 2,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்கு மேல் 18 சதவீதம். விலைச்சீட்டில் வரி சேர்ந்தே இருந்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது. வரி தனி என்று போடும் கடையில் 2,400 ரூபாய் உடையைக் கொடுத்துவிட்டு 2,600 ரூபாய் உடை எடுத்தால் வித்தியாசம் 200 ரூபாய் அல்ல. முதலாவது வரியோடு 2,520, இரண்டாவது 3,068. நீங்கள் மேலே கட்ட வேண்டியது 548. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போவதற்குமுன் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நெய்த சேலை துணியாகக் கணக்காவதால் அதற்கு எந்த விலையிலும் 5 சதவீதம்தான்.

பணமாகத் திருப்பித் தரும்போது ஜிஎஸ்டியைப் பிடித்துக்கொள்ளலாமா?

கூடாது. பொருள் திரும்பி வந்தால் கடைக்காரர் ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 34-இன்படி கிரெடிட் நோட் போட்டு, தான் கட்டிய வரியைக் கணக்கில் சரிசெய்துகொள்ள முடியும். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அதற்கு அவகாசம் இருக்கிறது. "வரி கட்டியாச்சு, அது வராது" என்பது சரியான பதில் அல்ல.

பணம் யாருக்குப் போகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கார்டிலோ யுபிஐயிலோ கட்டியிருந்தால் கட்டியவர் கணக்குக்கே போகும். பரிசு கொடுத்த மாமாவின் செல்போனில் "பணம் வரவு" என்று செய்தி வருமுன் நீங்களே அவரிடம் சொல்லிவிடுவது மரியாதை.

பணத்துக்குப் பதிலாக, பிறகு அதே கடையில் பொருள் வாங்கிக்கொள்வதற்கான கிரெடிட் நோட் கிடைத்தால் அதில் பார்க்க வேண்டியவை: கடைசித் தேதி, கடை முத்திரை, ஒரே தடவையில் முழுத் தொகைக்கும் வாங்க வேண்டுமா அல்லது மீதியை வைத்துக்கொள்ளலாமா, தள்ளுபடிப் பொருளுக்குச் செல்லுமா. பொருளில் குறை இருந்து திருப்புகிறீர்கள் என்றால் கிரெடிட் நோட்டை வாங்கிக்கொள்ளாமல் பணத்தையே கேளுங்கள்.

ஆன்லைனில் ஆர்டர் போட்டு நேராக என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானே ரிட்டர்ன் போட முடியுமா?

ஆர்டர் போட்டவரின் கணக்கில் இருந்துதான் பொதுவாகக் கோரிக்கை போட முடியும். அவரிடம் சொல்லி, பொருளை எடுத்துச்செல்லும் முகவரியாக உங்கள் வீட்டைப் போடச் சொல்லுங்கள். பொருளை வாங்க வரும் ஆள் வாசலிலேயே சோதிப்பார். டேக், பிராண்டின் சொந்தப் பெட்டி, சீரியல் எண், உடன் வந்த சார்ஜர், கேபிள் என்று அவருடைய செயலியில் ஒரு பட்டியல் இருக்கும். ஒன்று குறைந்தாலும் எடுக்காமல் போய்விடுவார். ஓடிபி வந்தால் பொருளை ஒப்படைத்த பிறகே சொல்லுங்கள். பொருளை எடுத்துக்கொண்டதற்கான செய்தி வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பொருள் பக்கத்தில் "ரிட்டர்ன்" என்று இருக்கிறதா, "ரீபிளேஸ்மென்ட் மட்டும்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். எலெக்ட்ரானிக் பொருள்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான். பிடிக்கவில்லை என்பதற்கு அதில் இடமில்லை.

குறையுள்ள பொருள், போலி, விளம்பரத்தில் காட்டியதற்கு மாறானது, சொன்ன தேதிக்குப் பிறகு வந்தது ஆகியவற்றைத் திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அனுப்புகிறவரின் கட்டுப்பாட்டில் இல்லாத பேரிடர் போன்ற காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு. ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதைத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை அரட்டையில் நாள் கணக்கில் அலைவதைவிட அந்த அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது பலன் தரும்.

விலை கூடிய பொருள் என்றால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டு, டேப் கிழியாமல் இருப்பது, பிரிப்பது, உள்ளே இருப்பது என்று வெட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் காலிப் பெட்டி வந்தது என்று நிரூபிக்க இதைவிட நல்ல சான்று கிடையாது.

மிக்ஸி, குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டிரண்டாகச் சேர்ந்துவிட்டன. மாற்றலாமா?

சீல் பிரிக்காத பெட்டியென்றால் கடைக்காரர் பெரும்பாலும் வேறு பொருளாக மாற்றிக் கொடுப்பார். சீல் பிரித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். அதனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிந்தால் பார்க்கும் ஆசையில் பிரிக்காதீர்கள். பெட்டி மேலேயே மாடல், வாட், நிறம் எல்லாம் எழுதியிருக்கும். வாரண்டியையும் பதிவு செய்ய வேண்டாம்.

பிரித்து ஓட்டிப் பார்த்துப் பழுது என்றால் பல கடைகளில் நேரடியாக மாற்றாமல் நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போன் செய்யச் சொல்வார்கள். அங்கிருந்து ஆள் வந்து பார்த்து, வாங்கியபோதே பழுது என்று சான்று கொடுத்தால் கடைக்காரர் புதிதாக மாற்றித் தருவார். இதற்கு நிறுவனங்கள் வைக்கும் கெடு குறுகியது, ஏழு நாள் என்பது சாதாரணம். அதற்குப் பிறகு பழுது பார்க்க மட்டுமே ஒப்புக்கொள்வார்கள். ஆகவே பரிசாக வந்த கருவியைப் பரணில் ஏற்றாமல் முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். தெர்மோகோல், பாலித்தீன் உறை, புத்தகம் எதையும் எறியாதீர்கள்.

குக்கரிலும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளிலும் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுங்கள். விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதலும், வீட்டுப் பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி 1 முதலும் அது கட்டாயம். முத்திரை இல்லாத குக்கரைப் பிடிக்கவில்லை என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது. அதை விற்றதே குற்றம். முழுப் பணத்தையும் கேளுங்கள், அதை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

செல்போனும் ஸ்மார்ட் வாட்ச்சும்: பழுது இல்லாவிட்டால், ஒரு தடவை ஆக்டிவேட் செய்த பிறகு மாற்ற முடியாது. அவ்வளவுதான்.

வெள்ளி, தங்கம்?

கொடுத்தால் நஷ்டம் எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு போங்கள். நகையைத் திருப்பும்போது தங்கத்தின் எடைக்குத்தான் மதிப்பு. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி மூன்றும் போய்விடும். வாங்கிய சில நாளுக்குள் அணியாமல் கொண்டுவந்தால் செய்கூலியையும் விட்டுக்கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அதனால் பில்லோடு சீக்கிரம் போய்க் கேட்பது லாபம்.

தலை தீபாவளி மோதிரம் விரலுக்குச் சேரவில்லை என்றால் மாற்றவே வேண்டாம். வெட்டி இணைத்தோ தட்டி நீட்டியோ அளவு சரிசெய்துவிடலாம், செலவு குறைவு. உள்பக்கத்தில் இருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட ஹால்மார்க் அடையாள எண் வெட்டுப்படாமல் செய்யச் சொல்லுங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நகையின் தூய்மையும் பதிவு செய்த நகைக்கடையும் தெரியும். பில் தொலைந்துபோன நகை எங்கே வாங்கியது என்று கண்டுபிடிக்கவும் இது உதவும்.

வங்கியில் வாங்கிய தங்க நாணயத்தை வங்கி திரும்ப எடுக்காது. நகைக்கடைக்குத்தான் போக வேண்டும். நாணயம் வந்த சீல் அட்டையைப் பிரிக்காமல் வைத்தால் கேள்வி குறையும். வெள்ளிக் குங்குமச் சிமிழ், குத்துவிளக்கு, டம்ளர் போன்றவற்றுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லாததால், கொடுத்த கடையைத் தவிர வேறு கடையில் தூய்மையைக் குறைத்துத்தான் மதிப்பிடுவார்கள். வாங்கிய கடையிலேயே மாற்றுங்கள்.

கிஃப்ட் கார்டைப் பணமாக மாற்றலாமா?

வங்கியோ ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நிறுவனமோ தரும் கார்டு என்றால் அதிகபட்சம் 10,000 ரூபாய், குறைந்தது ஓர் ஆண்டு செல்லும், பணமாக எடுக்க முடியாது. ஒரு கடை தன் கடையில் மட்டும் செல்லும்படி தரும் கூப்பன் ரிசர்வ் வங்கி விதிகளுக்குள் வராது. அதில் அச்சிட்ட தேதிதான் கணக்கு, பெரும்பாலும் குறுகிய காலம். கையில் கிடைத்த அன்றே தேதியைப் பாருங்கள்.

இனிப்பு, பட்டாசு, சென்ட், உள்ளாடை?

எதையும் திரும்ப எடுக்க மாட்டார்கள். கெட்டுப்போன இனிப்பு மட்டும் விதிவிலக்கு. பெட்டியையும் தேதியையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உதிரி இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். மறுத்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குப் புகார் கொடுக்கலாம். தற்காலிகப் பட்டாசுக் கடை பண்டிகை முடிந்ததும் இருக்காது. அலுவலகத்தில் மொத்தமாக வாங்கிக் கொடுத்த பையும் டின்னர் செட்டும் நிறுவனத்தின் பெயரில் ஒரே பில்லில் வந்தவை, தனியாளாக மாற்ற முடியாது. பழுதாக இருந்தால் வாங்கிய பிரிவிடம் சொல்லுங்கள், அவர்கள் மொத்தமாகப் பேசுவார்கள்.

பொருளில் குறை இருந்தும் கடைக்காரர் மறுக்கிறார். அடுத்து என்ன?

மறுப்பை எழுத்தில் வாங்குவது முதல் வேலை. எழுதித் தர மாட்டேன் என்றால் அன்றைக்கே கடையின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ நடந்ததைச் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். பில் எண், தேதி, தொகை, என்ன குறை, எப்போது கொண்டுபோனீர்கள், என்ன சொன்னார்கள், உங்களுக்கு என்ன வேண்டும்: இவ்வளவு போதும். குறையைக் காட்டும் போட்டோ இரண்டு சேருங்கள்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். பெரிய கடைகளும் ஆன்லைன் தளங்களும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் இறங்கி வருகின்றன. தெருமுனைச் சிறு கடை அசையாமல் இருக்கலாம், ஏனென்றால் உத்தரவு போடும் அதிகாரம் உதவி மையத்துக்கு இல்லை.

அங்கும் தீராவிட்டால் 15 நாள் அவகாசம் கொடுத்துப் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. கடை சென்னையில் இருந்து நீங்கள் தென்காசியில் குடியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். பரிசாக வந்தது என்பதை மனுவில் மறைக்க வேண்டாம். வாங்கியவர் இன்னார், அவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறேன் என்று ஒரு வரி எழுதி, அவரிடம் சிறு கடிதம் ஒன்று வாங்கி இணைத்துவிடுங்கள். பழுதான பொருளைத் தீர்ப்பு வரும் வரை தூக்கிப் போடவோ வெளியில் பழுது பார்க்கவோ கூடாது. ஆணையம் அதைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லலாம்.